காரில் போன மாப்பிள்ளை பஸ்சில் வீடு திரும்பினார்: கல்யாணத்துக்கு 11 நாள் முன்பு கடற்கரைச் சாலையில் நடந்தது என்ன?

கல்யாணத்துக்கு இன்னும் 11 நாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இந்த நேரத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும், பெண் வீட்டார் சீராகக் கொடுத்த காரில் ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் புறப்பட்டார்கள்.

காலையில் காரில் போன மாப்பிள்ளை, இரவு பஸ்சில் வீடு திரும்பினார்.

வழியில் விபத்து ஏதும் நடக்கவில்லை. கார் பழுதாகி நிற்கவும் இல்லை. பிறகு என்னதான் நடந்தது? ருசிகரமான அந்த விவரம் வருமாறு:-

பார்த்துச் செய்த சம்பந்தம்

பெண்ணுக்கு வயது 26. திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் வீடு. தனியார் கம்பெனி ஒன்றில் வேலை. தகப்பனார் அதே வட்டாரத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார்.

மாப்பிள்ளைக்கு வயது 29. பெரம்பூர்க்காரர். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலை. தகப்பனார் ரெயில்வேயில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

இரு வீட்டாரும் கேட்டுக்கொண்டபடி பெயர்கள் தரப்படவில்லை.

தரகர் மூலம் வந்த சம்பந்தம். ஜாதகம் பொருந்தியது. நிச்சயதார்த்தம் நடந்தது. நகை, பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் பேசி முடித்த பிறகு, எழுந்து போகும் நேரத்தில் மாப்பிள்ளையின் தாயார் ஒரு வார்த்தை சொன்னார்.

"எங்க சொந்தக்காரங்கள்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் கார் கொடுத்திருக்காங்க. நாங்க கேக்கல. நாலு பேர் கேட்டா என்ன சொல்றதுன்னுதான் யோசிக்கிறோம்" என்றார்.

பெண்ணின் தகப்பனார் சிரித்த முகத்தோடு, "அதுக்கென்னம்மா, செஞ்சிட்டாப் போச்சு" என்றார்.

இருபது நாளில், நாலு வருடம் ஓடிய கார் ஒன்று பெரம்பூர் வீட்டு வாசலில் வந்து நின்றது. விலை 4 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். மாமனார் சேமிப்பில் இருந்து சந்தோஷமாகக் கொடுத்தார் என்றே மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

பாட்டி போட்ட நிபந்தனை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பெண்ணின் அத்தை இருக்கிறார். நேரில் போய்ப் பத்திரிகை வைக்காவிட்டால் அவருக்குக் கோபம் வரும். பெண்ணின் பெற்றோருக்கோ கல்யாண வேலை தலைக்கு மேல் இருந்தது.

"வண்டிதான் இருக்கே. நாங்க போய் வெச்சிட்டு வர்றோம் மாமா" என்றார் மாப்பிள்ளை.

பெண் வீட்டுப் பாட்டி எடுத்த எடுப்பில் மறுத்தார். "தாலி ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து ஊர் சுத்துறதா? எங்க காலத்துல மாப்பிள்ளை முகத்தையே மணவறையிலதான் பார்த்தோம்" என்று சத்தம் போட்டார்.

கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஒன்று, 14 வயது தம்பியும் துணைக்குப் போக வேண்டும். இரண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணிக்குக் கார் புறப்பட்டது. முன் சீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும். பின் சீட்டில் தம்பி. அவன் மடியில் இட்லிப் பொட்டலமும், மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டும்.

படகு போன வழி

சென்னையில் இருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுமார் 150 கிலோ மீட்டர். இன்று காரில் மூன்று மணி நேரப் பயணம். ஒரு காலத்தில் இந்தக் கரையோரமாகப் பக்கிங்காம் கால்வாயில் படகில்தான் ஜனங்கள் போனார்கள். உப்பும் விறகும் அதில்தான் பட்டணம் வந்து சேர்ந்தன. அப்படி மாமல்லபுரத்துக்குப் படகில் போன அனுபவத்தைத்தான் பாவேந்தர் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று கவிதையாகப் பாடினார்.

கடற்கரைச் சாலை செப்பனிடப்பட்டு, 2002-ம் ஆண்டு சுங்கச் சாலை ஆனது. அதன் பிறகு சனி, ஞாயிறு என்றால் இந்தச் சாலையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசை கட்டிப் பறக்கின்றன.

மாப்பிள்ளை பறக்கவில்லை. 60 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் முள்ளைத் தாண்ட விடவில்லை. "நம்ம கார் இல்லியா, அதான் பயந்து ஓட்டுறாரு" என்று தம்பி கேலி செய்தான்.

முட்டுக்காடு பாலத்தில் கார் ஏறியதும் மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் கழிமுகத்தில் படகுத்துறை. மறுபக்கம் முகத்துவாரம், அதற்கு அப்பால் கடல். காலை வெயிலில் தண்ணீர் தகதகவென்று மின்னியது. பாலத்தின் ஓரம் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார்.

கோவளம் வந்தது. ஆர்க்காட்டு நவாபு காலத்தில் துறைமுகமாக இருந்த ஊர் இது. இங்கிருந்த கோட்டையை 1752-ல் ராபர்ட் கிளைவ் பிடித்துத் தகர்த்தார். இன்று தர்காவும் மாதா கோவிலும் கடலைப் பார்த்தபடி நிற்க, மீனவர் குப்பம் வழக்கம்போல் சுறுசுறுப்பாக இருந்தது.

ஆணியில் தொங்கும் மாலை

கோவளத்தைத் தாண்டியதும் திருவிடந்தை. நித்ய கல்யாணப் பெருமாள் கோவில் கொண்டிருக்கும் ஊர். கல்யாணம் தடைப்படுகிறவர்கள் தேடி வரும் தலம்.

காலவ முனிவருக்கு 360 பெண்கள். தினம் ஒரு பெண்ணாகப் பெருமாள் 360 நாளில் 360 பேரையும் மணந்துகொண்டு, கடைசி நாளில் எல்லாரையும் ஒரே பெண்ணாக்கித் தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டார் என்பது தல புராணம். அந்தத் தாயாருக்கு அகிலவல்லி நாச்சியார் என்று பெயர்.

கல்யாணம் ஆகாதவர்கள் இரண்டு மாலை வாங்கிக் கொடுப்பார்கள். பூஜை செய்து ஒரு மாலையைத் திருப்பிக் கொடுப்பார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரத்தை ஒன்பது சுற்று சுற்றிவிட்டு, மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்க வேண்டும். கல்யாணம் ஆன பிறகு கணவன், மனைவியாக அந்தக் காய்ந்த மாலையோடு வந்து பெருமாளைச் சேவிக்க வேண்டும். இது இங்கு காலங்காலமாக உள்ள வழக்கம்.

"கோவிலுக்குப் போயிட்டுப் போலாமா?" என்று மாப்பிள்ளை காரை ஓரம் கட்டினார்.

பெண் தலையை அசைத்தாள். "வேணாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அம்மா என்னைக் கூட்டிட்டு வந்து மாலை வாங்கினாங்க. இன்னும் பூஜை அறையில ஆணியில தொங்குது. அந்த மாலையோடதான் திரும்பி வரணும். கல்யாணம் ஆனப்புறம் வருவோம்" என்றாள்.

பிறகு மெல்லிய குரலில், "நல்லபடியா ஆகட்டும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்தக் கடைசி வார்த்தை மாப்பிள்ளைக்கு அப்போது புரியவில்லை. வாசலில் நின்றபடியே மூவரும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்கள்.

மாமல்லபுரத்தில் ஒரு மணி நேரம்

வழியில் முதலைப் பண்ணையைப் பார்த்ததும் தம்பி குதித்தான். 1976-ம் ஆண்டு ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பண்ணை இது. "திரும்பும்போது பாத்துக்கலாம்டா" என்று சமாதானம் சொன்னார்கள். ஆனால் திரும்பும்போது முதலையைப் பார்க்கிற மனநிலை யாருக்கும் இல்லை.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோவில். ராஜசிம்ம பல்லவன் கட்டி 1,300 வருடம் ஆகிறது. இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பள்ளிகொண்ட பெருமாள். உப்புக் காற்றில் சிற்பங்களின் மூக்கும் கண்ணும் தேய்ந்து போயிருந்தாலும் கோவில் அசையாமல் நிற்கிறது.

பக்கத்துச் சாளுவன்குப்பத்தில், 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு வெளியே தெரிந்த கல்வெட்டைத் தொடர்ந்து தோண்டியபோது பழைய முருகன் கோவில் ஒன்று கிடைத்த கதையை மாப்பிள்ளை சொல்ல, பெண் ஆசையோடு கேட்டாள்.

நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு இருவரும் செல்போனில் பேசியதுண்டு. நேரில் இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல் தடவை. அவருக்குப் பழைய கோவில் பைத்தியம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குக் காப்பியில் சர்க்கரை ஆகாது என்று அவருக்குத் தெரிந்தது.

கோட்டையில் உடைந்த ரகசியம்

மாமல்லபுரத்தைத் தாண்டினால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்த ஊர். பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். அதையும் தாண்டிப் பாலாற்றுப் பாலம். மணல் வெளியாகக் கிடந்த ஆற்றைக் கடந்து கடப்பாக்கம் போனார்கள். அங்கே கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டை.

18-ம் நூற்றாண்டில் நவாபு காலத்தில் எழுந்த கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரரான டூப்ளேக்குக் கொடுக்கப்பட்டது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இப்போது செங்கல் சுவர்கள்தான் மிச்சம். சுவருக்கு அந்தப் பக்கம் கழிமுகம், அதற்கு அப்பால் மணல் திட்டு, பிறகு கடல்.

இடிந்த சுவரின் நிழலில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

"ஒரு காலத்துல இங்க நாணயச் சாலை இருந்துச்சு. காசு, வராகன் எல்லாம் இங்கயே அடிச்சாங்க" என்றார் மாப்பிள்ளை.

இட்லியை வாயில் வைத்துக்கொண்டே தம்பி சொன்னான்: "அப்பாவுக்கு இந்த மாதிரி ஒரு இடம் கிடைச்சா நல்லா இருக்கும் மாமா. அவரே அடிச்சு வட்டி கட்டிடுவாரு."

"என்ன வட்டி?"

"இந்தக் காருக்குத்தான். மாசா மாசம் ஒம்பதாயிரம்."

பெண் திரும்பிப் பார்த்த பார்வையில் தம்பி இட்லியை விழுங்க மறந்தான்.

பத்திரம் போன இடம்

மாப்பிள்ளை யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. "என்னன்னு சொல்லு" என்று மட்டும் கேட்டார்.

பெண் முதலில் வாய் திறக்கவில்லை. "அப்பா சத்தியம் வாங்கியிருக்காரு" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

திருவல்லிக்கேணி வீடு தாத்தா கட்டியது. முக்கால் கிரவுண்டுதான். அந்த வீட்டுப் பத்திரத்தைத் தனியாரிடம் அடகு வைத்து, 2 ரூபாய் வட்டிக்கு 4 லட்சத்து 50 ஆயிரம் வாங்கித்தான் கார் வாங்கினார் தகப்பனார். வீட்டில் பாட்டிக்குக்கூட இது தெரியாது. தம்பி மட்டும் பாதி ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பெற்றோர் பேசியதைக் கேட்டுவிட்டான்.

"பள்ளிக்கூடம் திறக்கிற ரெண்டு மாசம்தான் கடையில வியாபாரம். மத்த நாள்ல கரண்டு பில்லுக்கே இழுபறி. அப்பாவுக்கு 61 வயசாச்சு. மாப்பிள்ளை காதுல போட்டுடாதே, கௌரவம் போயிடும்னு சொல்லிட்டாரு" என்றாள் பெண்.

அதற்குப் பிறகு கார் ஓடியது. யாரும் பேசவில்லை.

மரக்காணம் வந்தது. சாலையின் இரு பக்கமும் உப்பளங்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வரப்பில் வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல். உச்சி வெயிலில் ஆணும் பெண்ணும் வெறுங்காலோடு பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை காரை நிறுத்தி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பில்லின் பின்பக்கம் ஒரு கணக்கு

முத்தியால்பேட்டை அத்தை ஆரத்தி எடுத்து வரவேற்றார். வடை, பாயசத்தோடு சாப்பாடு. பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாசலில் நின்ற காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "எங்க அண்ணனா இதை வாங்கிக் கொடுத்தாரு? கடையில அவ்வளவு வருமானமா வருது?" என்று வியந்தார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாலை 4 மணிக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தார்கள். காந்தி சிலை, 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். தம்பி ஐஸ்கிரீம் வாங்கப் போனான். இருவரும் கடல் ஓரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளை சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார். கையில் மிச்சம் இருந்த பத்திரிகை உறையில் எழுதப் போனார்.

"மஞ்சள் தடவின கவருங்க. அதுல கடன் கணக்கு எழுதாதீங்க" என்று தடுத்தாள் பெண்.

ஐஸ்கிரீம் கடை பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். கணக்கு எழுதும் குமாஸ்தா அல்லவா? ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய். 4 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மாதம் 9 ஆயிரம். வருடத்துக்கு 1 லட்சத்து 8 ஆயிரம். 50 மாதம் கட்டினால் வட்டி மட்டுமே 4 லட்சத்து 50 ஆயிரம். அசலில் அப்போதும் ஒரு பைசா குறையாது. காரோ அதற்குள் பாதி விலைக்குக்கூடப் போகாது.

"அம்பது மாசம் உங்கப்பா ரெண்டு கார் விலை கொடுக்கணும். கடைசியில வீடும் இருக்காது, காரும் இருக்காது. எனக்கு இந்தக் கார் வேணாம்" என்றார் மாப்பிள்ளை.

பெண் நடுங்கிவிட்டாள். "அத்தை கோவிச்சுப்பாங்க. பத்திரிகை ஊர் பூரா கொடுத்தாச்சு. கல்யாணம் நின்னுடுமோன்னு பயமா இருக்குங்க. நான் வாய மூடிட்டு இருந்திருக்கணும்" என்று அழுதாள்.

"கல்யாணம் நிக்காது. கார்தான் நிக்கும், உங்க வீட்டு வாசல்ல" என்றார் மாப்பிள்ளை.

சந்து முனையில் நின்ற கார்

ஞாயிறு மாலை நெரிசலில் கார் ஊர்ந்துதான் வந்தது. திருவல்லிக்கேணி வந்தபோது இரவு 9 மணி. விளக்கு வைக்கும் நேரம் தாண்டி இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. பாட்டி தெருத் திண்ணையில் கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். தாயார் பெருமாளுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டார்.

சந்துக்குள் கார் நுழையாது. முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்த மாப்பிள்ளை, சாவியை மாமனார் கையில் வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, வண்டியில ஏதாவது குறையா? நாளைக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுறேன்" என்று பதறினார் அவர்.

"வண்டியில குறை இல்லை மாமா. வாங்கின விதத்துலதான் குறை. வித்துட்டுப் பத்திரத்தைத் திருப்புங்க" என்றார் மாப்பிள்ளை.

பெரியவர் மகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "எங்களைத் தப்பா நினைச்சுக்காதீங்க மாப்பிள்ளை" என்ற அவருக்கு மேற்கொண்டு பேச்சு வரவில்லை.

"நான்தான் மாமா தப்பு. எங்கிருந்து பணம் வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார் மாப்பிள்ளை.

பாட்டி மட்டும், "அதெல்லாம் சரி, ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை பெரம்பூர் போகும் பஸ்சில் ஏறிக்கொண்டார்.

தாயாரின் கோபம்

பெரம்பூர் வீட்டில் பெரும் புயல் வீசியது. "ஊருக்கு என்ன பதில் சொல்றது? வந்த லட்சுமியை வாசலோட அனுப்பிட்டியே" என்று தாயார் சத்தம் போட்டார். இரண்டு நாள் மகனோடு பேசவில்லை. "இப்படின்னா கல்யாணமே வேண்டாம்" என்றுகூட ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள், அதுவரை பேசாமல் இருந்த தகப்பனார் வாயைத் திறந்தார்.

"உன்னை நான் கட்டிக்கிட்டு வந்தப்ப, உங்கப்பா எனக்கு ஒரு சைக்கிள் கொடுத்தாரு. அதுக்காகக் காதுக் கம்மலை அடகு வெச்சது ஆறு மாசம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். நீதான் அழுதுக்கிட்டே சொன்னே. மறந்துட்டியா?" என்று கேட்டார்.

தாயார் பதில் சொல்லவில்லை. அன்று மாலை அவரே திருவல்லிக்கேணிக்குச் செல்போன் செய்து, "முகூர்த்தப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாச்சா?" என்று கேட்டார். அதற்கு அர்த்தம் என்ன என்று இரண்டு வீட்டுக்கும் புரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன்படி வரதட்சணை வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். குறைந்தது 5 வருட ஜெயில் தண்டனையும், குறைந்தது 15 ஆயிரம் ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இதில் எது அதிகமோ அந்தத் தொகை அபராதமும் விதிக்கலாம்.

வாய் விட்டுக் கேட்டால்தான் குற்றம் என்பதில்லை. சாடையாக, மறைமுகமாகக் கேட்பதும் குற்றமே. அதற்கு 6 மாதம் முதல் 2 வருடம் வரை தண்டனை உண்டு.

யாரும் கேட்காமல், பெண் வீட்டார் வழக்கப்படி தங்கள் சக்திக்கு ஏற்றபடி கொடுக்கும் பரிசுகளுக்குத் தடை இல்லை. ஆனால் அவற்றைப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும். 'நாங்க கேக்கல' என்று சொல்லிக்கொண்டே கேட்பது அந்தக் கணக்கில் வராது.

பத்திரம் திரும்பியது

கார் தரகர் மூலம் 4 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் போனது. 30 ஆயிரம் நஷ்டம். ஒரு மாத வட்டி 9 ஆயிரம் தனி.

நஷ்டம் 30 ஆயிரத்தை மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். வரவேற்புக்குப் பேசி வைத்திருந்த மெல்லிசைக் கச்சேரியை ரத்து செய்து, அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டார். வட்டியை மாமனார் கட்டினார். கல்யாணத்துக்கு முதல் நாள் பத்திரம் வீட்டுக்கு வந்தது. தாயார் அதைப் பூஜை அறையில், காய்ந்த மாலைக்குக் கீழே வைத்துக் கும்பிட்டார்.

குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. கச்சேரி இல்லாத குறை தெரியாமல், நாதஸ்வரக்காரர்கள் வரவேற்புக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாக வாசித்தார்கள். 'கார் எங்கே?' என்று கேட்ட ஒன்றிரண்டு உறவினர்களுக்கு, மாப்பிள்ளையின் தாயாரே, "எம் புள்ள வேணாம்னுட்டான்" என்று பதில் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை.

மீண்டும் அதே சாலை

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள், அதே கடற்கரைச் சாலையில் தம்பதி மீண்டும் போனார்கள். இந்த முறை மாமல்லபுரம் பஸ். பெண்ணின் மடியில் துணிப்பை. பைக்குள் காய்ந்து சருகாகிப் போன அந்த மாலை.

கூடவே தம்பியும் வந்தான். முதலைப் பண்ணையைக் காட்டுவதாகச் சொன்ன பாக்கி இருந்தது.

மாப்பிள்ளையின் தாயாரும், "நானும் வந்து பெருமாளைச் சேவிக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார். ஜன்னல் ஓர சீட்டில் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முட்டுக்காடு பாலத்தில் பஸ் ஏறியது. தாயார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"பஸ்சுல உயரமா உக்காந்தா கடல் என்னமா தெரியுது! கார்ல இப்படித் தெரியுமா?" என்று மருமகளிடம் கேட்டார்.

"தெரியாது அத்தை" என்றாள் மருமகள்.